நாத்தனார் கைபேசிக்கு வந்த பலூன்கள்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை மதியம் ஒன்றரை மணிக்கு. அயர்லாந்தில் குளிர்காலத்து ஒன்றரை என்றால் ஊரில் இரவு ஏழு. நான் இங்கே டப்பாவைத் திறந்து சோற்றில் கை வைக்கும் நேரத்தில், சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் என் அண்ணன் மகள் புனிதா டேப் என்கிற கைக்கணினியைத் திறந்து தமிழ் படிப்பாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் படித்து முடித்ததும் என் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும், இன்றைக்கு என்ன கதை, எத்தனை வரி என்று. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சில வாரங்களுக்கு முன்பு ஒருநாள் அந்த நேரத்தில் என் திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. புனிதா இரண்டாம் நிலையை முடித்துவிட்டாளாம், வாழ்த்துகளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோட்டயத்துக்காரப் பெண்ணிடம் காட்டினேன், எதிரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் காட்டினேன், தேநீர் வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஐரிஷ்காரரையும் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் ஏழு வயதில் சரளமாகத் தமிழ் படிக்கும் முதல் பிள்ளை என்று ஆங்கிலத்தில் அளந்தேன். அவர்களும் பாவம், எழுத்து ஒன்றும் புரியாமல் பலூன்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

உடனே அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, பாத்தீங்களா? புனிதா ரெண்டாவது முடிச்சிடுச்சு!"

"ஆமா ஜெயா. பலூன்லாம் வந்துச்சு."

"எங்க அவ, குடுங்க."

"தூங்கிப்பூட்டா. நான் நாளைக்குச் சொல்றேன்."

அண்ணியின் குரலில் அன்றைக்கு ஒரு துள்ளல் இருந்தது. பிள்ளையைப் பெற்றவளுக்கு இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

2

டேப் ஊருக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் நேத்தன் இங்கே பிறந்தவன். அவன் பள்ளியில் முதல் வருஷமே ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள். ஒரு கதை வரும், குரல் வாசிக்கும், வாசிக்கிற சொல் மின்னும், பிறகு பிள்ளை வாசிக்க வேண்டும், தப்பினால் திரும்ப அந்த இடத்துக்கே வரும். நேத்தன் ஆறே மாதத்தில் தானியப் பெட்டியின் முதுகிலுள்ள பொடி எழுத்தைப் படித்து, இதில் சர்க்கரை அதிகம் என்று எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தான். எனக்குப் பெருமை ஒரு பக்கம், ஊர் ஞாபகம் ஒரு பக்கம். இதே போலத் தமிழில் ஒன்று கிடைக்காதா என்று தேடினேன், கிடைத்தது. அதில் ஓர் அணில். பிள்ளை வரியைச் சத்தமாக, சரியாக வாசித்தால் அணிலுக்கு ஒரு கொய்யாப்பழம் விழும்.

முன்வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புதிதாக ஒரு டேப்பை வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் அருளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருவார். அண்ணி சலோமி நடவு, களையெடுப்பு, ஏரி வேலை என்று எது கிடைத்தாலும் போவார். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அண்ணி ஏழாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பார். ஆனால் பிள்ளையைச் சும்மா விடமாட்டார். வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, வழியில் தெரிகிற கடைப் பெயரையெல்லாம் காட்டி, "இன்னா எழுத்து சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வருவார். வீட்டிலும் கானா, காவன்னா, கினா, கீயன்னா என்று பாட்டாகச் சொல்லித் தருவார். பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு கூடவே ஆடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கே நாலு பெற்றோர் கூட்டத்துக்குப் போய் வந்த திமிர். "அண்ணி, இந்தப் பழைய முறையெல்லாம் வேணாம். புள்ள கொழம்பிடும். நீங்க ஒண்ணும் சொல்லித் தராதீங்க. இது சொல்லிக் குடுக்கும்" என்றேன். அண்ணி டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி ஜெயா" என்றார்.

செயலியைப் போட்டபோது பாதுகாவலரின் கைபேசி எண் கேட்டது. அண்ணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் என் எண்ணைப் போட்டேன். அவருக்கு இதெல்லாம் புரியாது, செய்தி வந்தாலும் பார்க்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் பெற்ற பிள்ளைக்கு நான் பாதுகாவலர் ஆனது அப்படித்தான்.

3

இந்த ஊருக்கு வந்த புதிதில் மேற்பார்வையாளர் ஒருநாள் என்னிடம் கோப்பைகளை ப்ரெஸ்ஸில் வை என்றார். யெஸ் என்றேன். எங்கள் உத்திரமேரூரில் ப்ரெஸ் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடம். இங்கே அதற்கு அர்த்தம் அலமாரி. கோப்பைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, துணி தேய்க்கும் அறையாக இருக்குமோ என்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். முதல் ஒரு வருஷம் நான் சொன்ன யெஸ்ஸில் பாதி அந்தப் பயத்தில் வந்ததுதான்.

அப்படிப்பட்ட எனக்கு அண்ணியின் "சரி ஜெயா" எந்த ரகம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மேலே இருந்து உத்தரவு போடுகிறவர்களுக்கு அது காதில் விழாது போலிருக்கிறது.

ஊருக்குப் போய் வந்த பிறகு இதுதான் என் தினசரி வேலை. இடைவேளையில் கைபேசியைப் பார்ப்பேன். அணில் சாப்பிட்டிருந்தால் நிம்மதி. சாப்பிடவில்லை என்றால் உடனே அழைப்பு.

"இன்னா அண்ணி, இன்னிக்கு அணில் வரலையே?"

"கரண்ட் இல்ல ஜெயா. டேப்புல சார்ஜ் பூடுச்சு."

இன்னொரு நாள்: "களையெடுக்கப் பூட்டு இப்பதான் வூட்டுக்குள்ள நொழையறேன். தோ, படிக்க வெக்கிறேன்."

நான் குரலை உயர்த்தமாட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்பேன். "படிப்பு உட்டுப் பூடக் கூடாது அண்ணி, தினம் இருந்தாதான் பழகும்" என்பேன். அண்ணன் வீட்டில் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைப்பேன். போனை வைத்துவிட்டுச் சாப்பிடுவேன். பத்து நிமிஷத்தில் செய்தி வந்துவிடும். பாருங்கள், ஒரு போன் போட்டால் எப்படி வேலை நடக்கிறது என்று என்னையே மெச்சிக்கொள்வேன்.

போகப் போக நான் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. செய்தி தவறாமல் வந்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே செயலியை நேத்தனின் டேப்பிலும் போட்டிருந்தேன். தமிழ் அவனுக்கும் வேண்டும் அல்லவா. எங்கள் வீட்டு அணில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தது. நேத்தன் அதை ஒருநாள் திறந்து, "அம்மா, உன் லாங்வேஜ் கஷ்டம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கால்பந்து விளையாட்டுக்குப் போய்விட்டான். சரி, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அவனை உட்கார வைத்தால் நானும் கூட உட்கார வேண்டும், எனக்கு ஷிப்ட். புனிதாவை விரட்டுவதற்கு உட்காரத் தேவையில்லை, போன் போதும்.

4

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் நினைவு நாள் வந்தது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. ஆனால் ஜெபக் கூட்டத்தில் பைபிளிலிருந்து வேதபாகம் வாசிப்பதைக் கேட்பதென்றால் அவருக்கு உயிர். அதிலும் சபையை நடத்தும் உபதேசியார் வாசித்தால் திருப்தி கிடையாது. வீட்டில் கடைசியாக எந்தப் பிள்ளைக்குப் படிக்க வந்ததோ அந்தப் பிள்ளைதான் வாசிக்க வேண்டும். அண்ணன் அப்படி வாசித்தார், பிறகு நான் வாசித்தேன். நாலு இடத்தில் திக்கிக்கொண்டு வாசித்தேன். நைனா தலையைக் குனிந்து முழுதும் கேட்டார். அவர் போன பிறகும் அவருடைய நினைவுக் கூட்டத்தில் அந்த வழக்கம் நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை. போன வருஷம் அண்ணனே வாசித்தார், வேறு ஆள் இல்லை.

இந்த வருஷம் ஆள் இருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் நிலை முடித்தவள்.

நானே நேரில் போயிருப்பேன். ஆனால் என் குடியேற்ற அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பழைய அட்டை அவர்களிடம், புதிய அட்டை வரவில்லை. அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வரத்தான் முடியாது. மின்னஞ்சல் போட்டால், உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. சரி, வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எடுத்தேன்.

ஒரு வாரம் முன்னதாகவே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வேதபாகம் புனிதாதான் என்று. அவருக்கும் பெருமை. ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அண்ணி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்து அவர் தானாக என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"ஜெயா, இந்த வருஷமும் உங்கண்ணனே படிக்கட்டுமே."

"ஏன் அண்ணி?"

"புள்ளைக்குச் சளி. அத்தனை பேர் எதுர்ல நிக்கணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாமே."

"நீங்களே அவள அமுக்கி வெச்சா எப்படி அண்ணி? கூச்சம் போவணும்னாதான் சொல்றேன்."

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"சரி ஜெயா" என்றார்.

5

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். தார்ப்பாயில் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் கொடுக்க டீயும் பன்னும் ஓரமாகத் தயாராக இருந்தன. நைனாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்பை வைத்து அதில் கைபேசியைச் சாய்த்திருந்தார்கள். அதாவது நான் நைனாவுக்குப் பக்கத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நேத்தன் என் அருகில் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. உபதேசியார் புனிதாவைக் கூப்பிட்டார். நான் அனுப்பிய ரோஸ் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வாசிக்க வேண்டிய வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

பிள்ளை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிம்மா" என்றார் உபதேசியார். யாரோ இருமினார்கள். புனிதா அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அண்ணி கதவோரம் நின்று புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "படி புனிதா, அத்தை கேட்டுகினு கீறேன், பயப்படாத" என்று இங்கிருந்து கத்தினேன்.

அவள் கைபேசியைப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது அத்த."

"தெரியுமே. நீதான் ரெண்டாவது முடிச்சிட்டியே."

"அது நானில்ல. அம்மாதான் அணிலுக்குப் படிச்சிக் காட்டும். நான் தூங்கிப்பூடுவேன். படிக்கலன்னா நீ போன் பண்ணுவியாம், அப்பா அம்மாவத் திட்டுமாம்."

பின்வரிசையில் ரெண்டு பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னா சலோமி இது? அவ அங்க ஒயச்சி அனுப்பிக்கினு கீறா, நீ இங்க அவள ஏமாத்திக்கினா இருந்த? அத்தனை பேர் எதுர்ல மானம் பூடுச்சே!"

அண்ணி நடந்து வந்து பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த நடையில் யாரோ சொம்பை இடித்திருக்க வேண்டும். கைபேசி மல்லாந்து விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமியானாத் துணியின் சிவப்பும் மஞ்சளும்தான். யாரும் என்னை நிமிர்த்தி வைக்கவில்லை. உபதேசியார் வேதபாகத்தைத் தானே வாசிப்பது கேட்டது. நைனாவுக்குத் திருப்தி இல்லாத வாசிப்பு.

அண்ணா, அண்ணியத் திட்டாத, என்மேலதான் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷம் அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் போய் ஏமாற்றிவிட்டார்களே என்று கோபம். நேத்தன், "என்ன ஆச்சு? ஏன் அந்தப் பொண்ணு அழறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஒன்றுமில்லை, போய் விளையாடு என்றேன்.

6

நாலைந்து நாள் அண்ணி என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள், அண்ணன் ஷிப்டுக்குப் போன நேரத்தில், அவரே கூப்பிட்டார். நான் இல்லத்தில் ஒரு முதியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். கோட்டயத்துக்காரியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"கோவமா ஜெயா?" என்றார்.

கோபம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"நான் உன்ன ஏமாத்தணும்னு பண்ணல. நான் வேலைக்குப் பூட்டு வரசொல்ல இருட்டிப்பூடும். அது ஸ்கூல்ல இருந்து வந்து, வெளாடி, சாப்ட்டு, கண்ண சொக்கும். அத எழுப்பி உக்கார வெச்சா ஒரு வரிக்கு அரை மணி நேரம். அதுக்குள்ள நீ போன் பண்ணிடுவ. நீ நல்லாதான் பேசுவ, இல்லன்னு சொல்லல. நீ வெச்சதும் உங்கண்ணன் ஆரம்பிக்கும். என் தங்கச்சி அவ்ளோ தூரத்துல இருந்துகினு அக்கறையா கேக்குது, உனக்கு இன்னா கேடுன்னு. ஒருநாள் புள்ள தூங்கிப்பூட்டா. சரி, அத்தைக்காரி மனசு நோவக் கூடாதேன்னு நானே படிச்சேன். அணிலு கொய்யாப் பயத்த துன்னுச்சு. உனக்கும் நிம்மதி, இந்த வூட்லயும் நிம்மதி."

"அதுக்காக தினமுமா அண்ணி?"

"மறுநாள் இன்னொரு கதை வந்துச்சு." அண்ணி கொஞ்சம் தயங்கினார். "நல்லா இருந்துச்சு. கெணத்துல உயுந்த ஆட்டுக்குட்டி கதை. அது தப்பிச்சுதா இல்லையான்னு எனக்கே தெரியணும்போல இருந்துச்சு. மொதல்ல ரொம்பப் பேஜாரா இருக்கும், நாலு வாட்டி தப்பு தப்புன்னு சொல்லும். அப்புறம் வந்துடுச்சு. அன்னிக்குப் பலூன் வந்துச்சே, நீ போன் பண்ணியே, எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். யார் கிட்ட சொல்றது?"

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது, இங்கே எப்போதும் தூறும். அன்றைக்கு நான் மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கைதட்டு வாங்கியது இந்த மனுஷிக்கான வாழ்த்து. அவருக்கு அது போய்ச் சேரவே இல்லை.

"புனிதாவுக்கு ஒண்ணுமே தெரியாதா அண்ணி?"

"எழுத்து தெரியும். சேத்துப் படிக்க வரல. டீச்சர் கூட ஒருவாட்டி கேட்டாங்க, வூட்ல இன்னா பண்றீங்கன்னு. டேப்பு கீது மேடம், அவங்க அத்தை அயர்லாந்துல இருந்து எடுத்தாந்து குடுத்துகீதுன்னு சொன்னேன். அப்ப சரின்னுட்டாங்க."

"நீங்க சொல்லிக் குடுத்துகினு இருந்தீங்களே, முன்னாடி?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"நீதானே ஜெயா வேணாம்ன? நான் சொல்லித் தந்தா கொயம்பிடும்ன. அதான் உட்டுட்டேன். பஸ்ல போறப்ப அது கடை பேர காட்டி இன்னாம்மா எழுத்துன்னு கேக்கும். அத்தை குடுத்ததுல படிச்சிக்கோன்னு சொல்லிடுவேன். இப்ப கேக்கறதில்ல."

7

நேத்தனின் முதல் வருஷத்தில் டேப் கொடுத்தபோது அவன் ஆசிரியை பெற்றோர் எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். பிள்ளையை இதோடு தனியாக விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், அது வாசிக்கும்போது நீங்களும் வாசியுங்கள், உங்களுக்கு வராத இடத்தில் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் தப்புப் பண்ணுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அதைச் செய்யவும் செய்தேன். அந்த ஆறு மாதமும் நானோ என் கணவரோ தினமும் அவன் அருகில் உட்கார்ந்தோம். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் படிக்கக் கற்றது அப்படித்தான்.

டேப்பைப் பெட்டியில் வைத்து, துணி சுற்றி, சுங்கத்தில் விளக்கம் சொல்லி, அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுபோன எனக்கு, அந்த ஆசிரியை சொன்னதைக் கொண்டுபோகத் தோன்றவில்லை. போதாதென்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயை எழுப்பி விட்டுவிட்டும் வந்தேன். ஏழாவது படித்தவர் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அண்ணிக்கு அது புரியாமலா இருந்திருக்கும்?

அந்தச் சாதனத்தின் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அது யார் குரல் என்று பார்க்காமல், முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது. வேவு பார்க்க அதைப் பயன்படுத்தியவள் நான். வெளிநாட்டில் இருக்கிற நாத்தனார், அண்ணனுக்குச் செல்லத் தங்கை, கையில் கைபேசி. ஊரில் ஒரு வீட்டைக் கெடுக்க இது போதும்.

அண்ணனிடம் பேசினேன். எல்லாம் என்னால் வந்தது, அண்ணியிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "உடு ஜெயா, வூட்ல ஆயிரம் இருக்கும்" என்றார். கேட்டாரா என்று தெரியாது. அன்றைக்குச் சிரித்த பெண்களை அண்ணி தினமும் தண்ணீர்க் குழாயில் பார்க்க வேண்டும். நான் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதி எனக்கு இருக்கிறது என்பதே உறுத்துகிறது.

செயலியில் பாதுகாவலர் எண்ணை மாற்றினேன். என் எண்ணை எடுத்துவிட்டு அண்ணியின் எண்ணைப் போட்டேன். மாற்றவா என்று அது மூன்று முறை கேட்டது, இனி உங்களுக்கு எந்தத் தகவலும் வராது என்று எச்சரித்தது. எனக்குச் சட்டென்று கை வரவில்லை. ஒரு பிள்ளையைக் கண்காணிப்பதில் இவ்வளவு ருசி இருந்திருக்கிறது எனக்கு.

"அண்ணி, எண்ண மாத்திட்டேன். இனிமே எல்லாம் உங்களுக்குதான் வரும். நீங்களே அவளுக்குச் சொல்லிக் குடுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி" என்றேன். ஏதோ பெரிய மனது பண்ணி அனுமதி கொடுப்பது போலத்தான் அது வந்தது. நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அண்ணி இந்தத் தடவை சரி ஜெயா என்று சொல்லவில்லை. "என் புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ உன் புள்ளைக்குச் சொல்லிக் குடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அது இன்னும் சுருக்கென்று இருந்தது.

8

அதற்குப் பிறகு மதியம் ஒன்றரைக்குக் கைபேசி ஊமையாக இருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறேன். மழை பெய்ததா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, அண்ணனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதா என்று ஊர்க்கதை பேசுகிறேன். புனிதா படிக்கிறாளா என்று கேட்பதில்லை. நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்வேன். அண்ணியும் சொல்வதில்லை. அவருக்குச் சொல்ல இஷ்டமில்லையா, சொல்ல ஒன்றும் இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை படிக்காமலே மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால், அதில் பாதி என் கைவேலை.

நேத்தனை இரண்டு ஞாயிறு பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் வாரம் மூன்று எழுத்து. இரண்டாவது வாரம் அதே மூன்று எழுத்து. அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி ஒரு வரிக்கு அரை மணி நேரம் என்றாரே, அது எவ்வளவு நீளம் என்று இப்போது தெரிகிறது. அதுவும் நான் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்றுவிட்டு வரவில்லை.

போன ஞாயிறும் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார். இந்த வருஷம் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, மிஷின் இறக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுக்குப் பின்னால் ஏதோ முனகல் கேட்டது. டிவி என்று நினைத்தேன். பிறகு அது புனிதாவின் குரல் என்று தெரிந்தது. கானா, காவன்னா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து சேர்த்து, ஏதோ ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

இங்கிருந்தே எடுத்துக்கொடுக்க வாய் துடித்தது. நல்ல வேளை, என்ன சொல் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஜெயா, புள்ள படிச்சிகினு கீது. நான் அப்புறமா பேசறேன்" என்றார் அண்ணி.

வைத்துவிட்டார். நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எனக்கு முன்னால் போனை வைத்ததில்லை. எனக்கு வேலை இருக்கிறது, இடைவேளை முடிந்துவிட்டது என்று எப்போதும் நான்தான் வைப்பேன். அவர்கள் நான் வைக்கும் வரை காத்திருப்பார்கள், அடுப்பில் என்ன கொதித்தாலும்.

புனிதா அந்தச் சொல்லைத் தாண்டினாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்க விரல் போனது. கேட்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடக்கமாட்டாமல் அழுதேன்.